சக்கரங்களின் மேல் ஒரு வீடு

மனிதன் வீட்டை விட்டு நெடுந்தூரம் செல்ல விரும்புகிறான். ஆயினும் வீட்டின் சுகத்தைத் துறக்க விரும்புவதில்லை. இவ்விரு விருப்பங்களையும் ஒருங்கே நிறைவேற்றப் பிறந்ததே காரின் பின்னே பூட்டி இழுக்கப்படும் பிரயாண வீடு. அது பெருந்தொழிற்சாலைகளில் உதித்ததன்று. ஐக்கிய அமெரிக்காவின் சாதாரண வீட்டு முற்றங்களில் உருவானது.

1908 முதல் 1927 வரை போட் நிறுவனம் 'மொடல் ரி' என்னும் காரை ஒன்றரைக் கோடியளவில் உற்பத்தி செய்தது. எளிய குடும்பங்களும் காரேறிப் பிரயாணம் செய்யலாயின. 1919இல் புளோரிடாவின் தம்பா நகரில் கூடிய பிரயாணிகள் சிலர், 'தகரப் பேணிப் பிரயாணிகள்' என்னும் பெயரில் ஒரு சங்கமும் நிறுவினர். நாட்செல்லப் பழுதுற்ற கார்கள் குவிந்தன. அவற்றின் அச்சும் சக்கரங்களும், சிறிது மரமும், கைத்திறனும் இருந்தால் ஒருவன் தன் பிரயாண வீட்டைத் தானே அமைத்துக்கொள்ளலாம் என்ற நிலை ஏற்பட்டது.

டெற்றோயிற் நகரைச் சேர்ந்த ஆதர் ஷேர்மன் என்னும் நுண்கிருமியியல் அறிஞர், 1929இல் விரித்து மடக்கும் கூடார வண்டியொன்றை வாங்கிக் குடும்பத்துடன் புறப்பட்டார். மழை கொட்டியது, கூடாரத்தை விரிக்குமுன் யாவரும் நனைந்தனர். ஊர் திரும்பியவர், மரநாரை அழுத்திச் செய்யும் 'மெசனைற்' பலகையால், படுக்கைகளும் அடுப்பும் அலுமாரிகளும் கொண்ட பெட்டி வண்டியொன்றை அமைப்பித்தார். மேற்றிசை நோக்கிக் குடிபெயர்ந்த முன்னோரின் வண்டில்களை நினைவூட்டும் வகையில் அதற்குக் 'கூடார வண்டில்' எனப் பெயரிட்டார். கண்டோர் தமக்கும் ஒன்று வேண்டுமென்றனர். சில ஆண்டுகளில் அவர் நாட்டின் மிகப் பெரிய பிரயாண வீட்டு உற்பத்தியாளரானார்.

கலிபோர்ணியாவில் வோலி பையம் என்பவரும் இவ்வழியே சென்றார். தாம் வகுத்த அமைப்பு முறையை அச்சிட்டு விற்றார். சக்கரங்களுக்கு இடையே தளத்தைத் தாழ்த்திக் கூரையை உயர்த்தியமையால், குனியாமல் உள்ளே நிற்க முடிந்தது. அவருடைய 'எயார்ஸ்ரீம்' நிறுவனம் 1936இல் அலுமினியத் தகடு போர்த்த 'கிளிப்பர்' வண்டியை வெளியிட்டது.

இவ்வண்டியை அமைப்பதில் அழகினும் நிறையே முதன்மையானது. பாரம் அச்சுக்குப் பின்னால் மிகுந்தால், வேகமாகச் செல்லும்போது வண்டி பாம்புபோல் நெளிந்து காரையும் கவிழ்த்துவிடும். ஆகவே முழுப் பாரத்தில் ஏறத்தாழப் பத்திலொரு பங்கேனும் காருடன் பூட்டும் முன்முனையில் தங்குதல் வேண்டும். தண்ணீர்த் தொட்டியை எங்கு வைப்பது, அடுப்பை எங்கு வைப்பது என்பன வெறும் வசதி பற்றிய வினாக்களல்ல. உயிர் காக்கும் வினாக்கள்.

1929இன் பொருளாதார வீழ்ச்சி இவ்வண்டிக்குப் பிறிதொரு பணியை அளித்தது. வேலையும் வீடும் இழந்தோர் சிலர் அதிலேயே குடியிருந்தனர். உல்லாசப் பிரயாணியை வரவேற்ற ஊர்கள், புறப்படாது தங்கியவனை ஐயத்தோடு நோக்கின. அவனை விலக்கச் சட்டங்களும் இயற்றின. வண்டி ஒன்றே, அதில் வாழ்ந்தவனின் வறுமையே வேறுபாடு. ஆயினும் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், ஆயுதத் தொழிற்சாலைகளை நாடி வந்த தொழிலாளர்க்கு வீடின்றித் தவித்த அரசாங்கம், இவ்வண்டிகளையே ஆயிரக்கணக்கில் வாங்கிக் குடியிருப்புகளாக்கியது.

அமெரிக்க மக்களில் பாதிப்பேர் இருபது ஆண்டுகளுள் இவ்வண்டிகளில் வாழ்வர் என 1930களில் றொஜர் பாப்சன் என்னும் பொருளியலாளர் கூறிய எதிர்வுகூறல் பலிக்கவில்லை. எனினும் மழையில் நனைந்த ஒரு குடும்பத்தின் தேவை பெருந்தொழிலொன்றை வளர்த்தது. விடுமுறைக்கென அமைத்த சிறு பெட்டி, வீடற்றோர்க்கு வீடாகவும் நின்றது.