நேயம்

ஆழ்ந்த அன்பு, பற்று, பக்தி. வடமொழி ‘ஸ்நேகம்’ என்பதன் தமிழ் வடிவம். சினேகம், நேசம் ஆகியவை உடன்பிறப்புகள். மூலச்சொல்லுக்குப் பிசுபிசுப்பு, எண்ணெய்ப்பசை என்ற பொருளும் உண்டு. தமிழிலும் நேயத்துக்கு அன்போடு எண்ணெய், நெய் என்ற பொருள்களை அகராதிகள் தருகின்றன. ஒட்டினால் எளிதில் விடாத தன்மையே இரண்டுக்கும் பொது.

இவ்விரு பொருளும் கண்ணெதிரே கூடும் ஊர் திருவண்ணாமலை. கார்த்திகைத் தீபத்தன்று மாலை 6 மணிக்கு, 2,668 அடி உயர மலையுச்சியில் பருவதராஜ குலத்தார் மகாதீபம் ஏற்றுகிறார்கள். ஆளுயரக் கொப்பரையில் பல நூறு மீட்டர் காடாத்துணி திரியாகிறது. அதை நனைக்கும் நெய் ஆயிரக்கணக்கான கிலோ, பெரும்பகுதி பக்தர்களின் காணிக்கை. வீட்டில் ஒரு கரண்டி நெய்யை எண்ணிச் செலவிடுகிறவர்கூட இங்கே மனமுவந்து கிலோக்கணக்கில் கொடுக்கிறார். நேயம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கவுரை கிடையாது. பதினொரு நாள் எரிந்தபின் கொப்பரையில் திரளும் மை, ஆருத்ரா தரிசனத்தின்போது நடராசருக்குச் சாத்தப்பட்டு, பின்னர் பிரசாதமாகிறது.

மாணிக்கவாசகர் இவ்வூரில் பாடியதாகக் கருதப்படும் திருவெம்பாவையின் இரண்டாம் பாடலில், சோதியிடம் பாசம் வைத்ததாகச் சொன்ன பெண், இப்போது படுக்கையிடம் நேசம் வைத்துவிட்டாளோ என்று தோழியர் கேலி செய்கிறார்கள்.

சைவ சித்தாந்தத்தில் சொல்லின் தகுதி இன்னும் உயர்கிறது: நேயம் மிக்க அடியாரின் வேடத்தையும் சிவனாகவே வழிபடச் சொல்கிறது சிவஞானபோதத்தின் 12ஆம் நூற்பா. ‘மனிதநேயம்’ இக்காலக் கூட்டுச்சொல்.