திண்ம எரிபொருளும் படைக்கல ஏவுகணையும்

கருமருந்து வாணம் சீனரிடத்துத் தோன்றியது. 18ஆம் நூற்றாண்டில் மைசூர்ப் படையினர் இரும்புக் குழாய் வாணங்களை ஆங்கிலேயர்மீது ஏவினர். ஆயினும், நெடுந்தூரம் செல்லும் திண்ம எரிபொருள் ஏவுகணை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியின் பின்னரே தோன்றிற்று. காரணம் யாது?

திண்ம எரிபொருளிற் பிளவு விழுமாயின் எரியும் பரப்புப் பெருகும், அமுக்கம் மிகும், கலமே சிதறும். களஞ்சியத்தில் வெப்பமும் குளிரும் மாறி மாறித் தாக்க, கருமருந்து இவ்வாறே பிளவுற்றது. 1942இல் கலிபோர்ணியாவில் ஜாக் பார்சன்ஸ் என்பார், விமானங்களை விரைந்தெழுப்பும் வாணங்களுக்காக, உருக்கிய நிலக்கீலோடு பொற்றாசியம் பேர்குளோரேற்றைக் கலந்து வார்த்து இவ்விடரைக் குறைத்தார். பின்னர் நிலக்கீலின் இடத்தைச் செயற்கை இறப்பர் பெற்றது. அது கலத்தின் சுவரோடு ஒட்டி நெகிழ்ந்து கொடுத்தது. நடுவே நட்சத்திர வடிவத் துளை அமைத்தமையால் எரிதல் உள்ளிருந்து வெளிநோக்கிச் சென்றது. எரியாத பகுதி சுவரை வெப்பத்தினின்றும் காத்தது. உந்துவிசையும் ஏறத்தாழச் சீராய் நின்றது.

இவற்றின் பயனாக, 1960 யூலை 20இல் 'ஜோர்ஜ் வாஷிங்டன்' என்னும் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் நீருள் அமிழ்ந்தவாறே 'பொலாரிஸ்' ஏவுகணையை எய்தது. 1962 ஒக்டோபரில், கியூபா நெருக்கடியின்போது, மொன்டானாவில் முதலாவது 'மினிட்மன்' ஆயத்த நிலையில் வைக்கப்பட்டது.

'அற்லஸ்' போன்றவற்றுக்கு ஏவுமுன் திரவ ஒட்சிசன் நிரப்புதல் வேண்டும். அவ்விடைவேளையில் ஆணையை மீளப்பெறவும் இயலும். திண்ம எரிபொருள் அவ்விடைவேளையை நீக்கிற்று. புறப்பட்ட கணையை மீட்டழைத்தலும் இயலாது. எனினும், கடலுள் மறைந்திருக்கும் கணை, பகைவனின் முதலடிக்கு அஞ்சி அவசரப்பட வேண்டியதில்லை. ஆகவே, விரைவையும் பொறுமையையும் ஒருங்கே தந்தது இவ்வெரிபொருள். இரண்டனுள் எதனைக் கொள்வது என்பது பொறியியலின்பாற்பட்டதன்று, ஆள்வோர் அறிவின்பாற்பட்டது.