அயலுறவும் அயல்நாட்டுப் புகழும்: சீனக் குறிப்புகளில் சோழரும் பாண்டியரும்

ஒரு நாட்டின் பெருமையை அறிதற்கு அந்நாட்டார் தம்மைப் பற்றி எழுதி வைத்தவற்றை முதற்சான்றாகக் கொள்ளுதல் வரலாற்றறிஞர் வழக்கம். சோழப் பேரரசின் வரலாறு பெரும்பாலும் மெய்க்கீர்த்திகளையும் செப்பேடுகளையும் அடிப்படையாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. இச்சான்றுகள் இன்றேல் அவ்வரலாறே இல்லை எனலாம். எனினும், பிற நாட்டார் சோழரை எங்ஙனம் மதித்தனர் என்னும் வினாவிற்கு அவை விடை கூறா. தன் வெற்றியைத் தானே கல்லில் பொறித்தல் வேறு. கடல் கடந்த அரசவை ஒன்று அவ்வேந்தனுக்கு அளிக்கும் மதிப்பு வேறு. இரண்டும் எப்பொழுதும் ஒத்திருக்கும் எனக் கருதுதல் பொருந்தாது. ஒரு நாட்டின் அயலுறவு முறையே அதன் அயல்நாட்டுப் புகழை வரையறுக்கின்றது என்பதைச் சோழரையும் பாண்டியரையும் பற்றிய சீனக் குறிப்புகள் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சான்றுகளின் இயல்பு

சுங் மரபினரின் வரலாறு கி.பி. 1345ஆம் ஆண்டிலும், யுவான் மரபினரின் வரலாறு 1370ஆம் ஆண்டிலும் தொகுத்து முடிக்கப்பெற்றன. இவை அரசவை ஆவணங்களைத் தழுவியவை. அயல்நாட்டு வேந்தர் அனுப்பிய கையுறை யாவற்றையும் திறை என்றே கூறுதல் இவற்றின் மரபு. ஆதலின், சோழன் சீனப் பேரரசனுக்குத் திறை செலுத்தினான் என இவற்றைக் கொண்டு முடிவு கட்டுதல் தவறாகும். ஆனால் எந்நாட்டுத் தூதர் எவ்வரிசையில் வைக்கப்பெற்றனர், எவர்க்கு எத்தகைய ஓலை விடுக்கப்பட்டது என்பனபோன்ற செய்திகளில் இந்நூல்கள் மிக நுட்பமானவை. வெளிநாட்டாரிடம் ஒரு நாடு பெற்ற மதிப்பை அளந்தறிதற்கு இவற்றினும் சிறந்த கருவி காண்டல் அரிது.

சோழர் விடுத்த நான்கு தூதுகள்

சோழநாட்டைச் சீனர் சூ-லியன் என வழங்கினர். அந்நாட்டுத் தூதர் சுங் அவைக்கு வந்தமையாக நான்கு குறிப்புகள் உள்ளன. முதல் தூது 1015ஆம் ஆண்டில் சேர்ந்தது. தூதர் தம் நாட்டை விட்டுப் புறப்பட்டுக் குவாங்சௌ துறையை அடைய 1,150 நாட்கள் சென்றன என்பர். எனவே, முதலாம் இராசராசன் விடுத்த தூது அவன் மறைந்த பின்னரே சீன அவையைக் கண்டது. அத்தூதர் கொண்டு சென்ற பொருள்களில் 21,100 சீன நிறை முத்தும் 60 யானைத் தந்தங்களும் இருந்தன. தென்கடல் முத்துக் குளிக்கும் பாண்டிநாட்டுத் துறைகள் அன்று சோழர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தமை ஈண்டு நினைவு கூரத்தக்கது. வணிகக் கலத்தோர் வாயிலாகச் சீனப் பேரரசின் சிறப்பைக் கேள்வியுற்றே தூது விடுத்ததாகச் சோழ வேந்தனின் ஓலை கூறிற்று. அத்தூதர்க்கு நடு ஆசியாவிலிருந்த குச்சா நாட்டுத் தூதர்க்குரிய வரிசை அளிக்கப்பட்டது.

1020ஆம் ஆண்டில் வந்த இரண்டாம் தூதர் குவாங்சௌவிலேயே நோயுற்று இறந்தார். மூன்றாவது 1033இல் முதலாம் இராசேந்திரன் விடுத்தது. நான்காவது முதற் குலோத்துங்கன் காலத்தில் 1077ஆம் ஆண்டிற்குரியது. இவ்விறுதித் தூதர் முத்தையும் கற்பூரத்தையும் அரியணை முன் மண்டியிட்டுத் தூவி வணங்கினர். சீனப் பேரரசன் 81,800 கோவைச் செப்புக் காசும் 52,000 சீன நிறை வெள்ளியும் மறுபரிசாக அளித்தான். பொருளளவில் நோக்கின் இது பெருஞ்சிறப்பே. ஆயினும், மூன்றாம் தூதிற்கும் நான்காம் தூதிற்கும் இடையே 44 ஆண்டுகள் கழிந்தன என்பதை மறத்தலாகாது.

1106ஆம் ஆண்டின் முடிவு

பர்மாவிலுள்ள பகான் நாட்டுத் தூதர் 1106ஆம் ஆண்டில் சுங் அவைக்கு வந்தனர். சோழநாட்டுத் தூதர்க்குரிய வரிசையை அவர்க்கும் அளிக்குமாறு பேரரசன் முதலில் ஆணையிட்டான். அமைச்சவை இதனை மறுத்தது. சோழநாடு ஸ்ரீவிசயத்திற்கு அடங்கிய நாடு. அதனாற்றான் முன்பு அதன் வேந்தனுக்கு எளிய தாளில் ஓலை எழுதிப் பெட்டியிலிட்டுத் துணியால் பொதிந்து விடுத்தோம். பகான் வேந்தனோ பெருநாட்டு மன்னன். அவனை ஒரு சிற்றரசனுக்கு ஒப்பாக வைத்தல் தகாது என்பது அமைச்சவையின் கருத்து. அராபியர்க்கும் வியத்நாமியர்க்கும் விடுப்பதுபோலப் பொற்பூ வேலைப்பாடமைந்த பட்டுத்தாளில் எழுதி, பொன் முலாம் பூசிய குழலிலிட்டு, பட்டுறையில் பொதிந்து பகான் வேந்தனுக்கு ஓலை விடுத்தல் வேண்டும் எனவும் அது கூறிற்று. பேரரசன் அதற்கு இசைந்தான்.

இச்செய்தி தமிழ் மாணாக்கர்க்கு வியப்பளிப்பதாகும். 1025ஆம் ஆண்டையொட்டி இராசேந்திரனின் கடற்படை ஸ்ரீவிசயத்தையும் கடாரத்தையும் தாக்கி, சங்கிராம விசயோத்துங்கவர்மனைச் சிறைப்படுத்தியதை அவன் மெய்க்கீர்த்தி விரிவாக உரைக்கின்றது. வென்றவன் சோழன், தோற்றவன் ஸ்ரீவிசய வேந்தன். அங்ஙனமிருக்க, எண்பது ஆண்டுகள் கழிந்தபின் சீன அமைச்சர் வென்ற நாட்டைத் தோற்ற நாட்டின் அடிமைநாடாக எழுதி வைத்தனர். இதனை ஓர் எழுத்தர் செய்த பிழை எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் அப்பிழை ஓலைத் தாளின் தரத்தையே வரையறுத்தது. 1077ஆம் ஆண்டுத் தூதர்க்கு விடுத்த ஓலையே எளிய தாளில் எழுதப்பட்டமையால், அக்கருத்து முன்னரே வேரூன்றியிருந்தது என்பது போதரும்.

ஸ்ரீவிசயத்தின் நெறி

இக்கருத்துத் தோன்றிய வரலாற்றை ஸ்ரீவிசயத்தாரின் செயல்களோடு ஒப்பிட்டுக் காண்டல் வேண்டும். அவர்கள் 960ஆம் ஆண்டு முதலே சுங் அவைக்குத் தூது விடுத்து வந்தனர். 1003ஆம் ஆண்டில் சூளாமணிவர்மன் விடுத்த தூதர், சீனப் பேரரசனின் நீடுவாழ்வின் பொருட்டுத் தம் நாட்டில் பௌத்தக் கோயில் ஒன்று எடுக்கப்பட்டுள்ளதாகக் கூறி, அதற்குப் பெயரும் மணியும் வேண்டினர். பேரரசன் மகிழ்ந்து இரண்டையும் நல்கினான். அம்மன்னனின் மகன் மாறவிசயோத்துங்கவர்மனே நாகப்பட்டினத்தில் தன் தந்தை பெயரால் சூளாமணி விகாரம் எடுப்பித்தவன். அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசன் அளித்தமையை ஆனைமங்கலச் செப்பேடுகள் கூறுகின்றன. கிழக்கேயும் மேற்கேயும் உள்ள இரு பேரரசர்களின் நன்மதிப்பையும் கோயில் எடுத்தலாகிய ஒரே நெறியால் ஈட்டிய திறம் குறிக்கத்தக்கது.

போரில் தோற்ற பின்னரும் இந்நெறி தளரவில்லை. 1028ஆம் ஆண்டில் வந்த ஸ்ரீவிசயத் தூதர்க்கு வழக்கமாக அளிக்கும் பொன்முலாம் பூசிய வெள்ளிக் கச்சைக்கு மாறாக முழுப்பொன் கச்சையே அளிக்கப்பட்டது. சோழர் படையெடுப்பு நிகழ்ந்து மூன்றே ஆண்டுகள் கழிந்த காலம் அது. படைவலியால் இழந்ததைத் தூதின் வலியால் அவர்கள் மீட்டுக்கொண்டனர் எனலாம்.

சோழநாட்டிலிருந்து சீனம் செல்லும் கலங்கள் மலாக்கா நீரிணையைக் கடத்தல் வேண்டும். அவ்வழியின் காவலர் ஸ்ரீவிசயத்தாரே. ஆகவே, சோழரைப் பற்றிய செய்திகளும் அவர்கள் வாயிலாகவே சீனத்தை எட்டியிருத்தல் கூடும். 1077இல் சோழ வேந்தன் பெயராகச் சீனர் குறித்த தி-ஹுவா-கியா-லோ என்பதும், 1079ஆம் ஆண்டுக் குவாங்சௌக் கல்வெட்டு ஸ்ரீவிசயத் தலைவன் பெயராகக் குறிப்பதும் ஒன்றாகவே உள்ளன. இதனைக் குலோத்துங்கனோடு இயைத்துக் கூறுவாரும் உளர். ஸ்ரீவிசயத்தார் வேண்டுமென்றே செய்த திரிபு என்பாரும் உளர். இவ்விரண்டனுள் எது மெய்யாயினும், தன்னைப் பற்றிய செய்தியைச் சோழநாடு பிறர் கையில் விட்டிருந்தது என்பது தெளிவு. அறுபத்திரண்டு ஆண்டுகளில் நான்கே தூது விடுத்த நாடு, தொடர்ந்து தூது விடுத்த நாட்டோடு புகழில் போட்டியிடுதல் இயலாது.

பாண்டியர் காலம்

இதற்கு மாறானதொரு நிலையை ஒன்றேமுக்கால் நூற்றாண்டு கழித்துப் பாண்டிய நாட்டில் காண்கின்றோம். மாறவர்மன் குலசேகர பாண்டியன் 1268ஆம் ஆண்டில் முடிசூடியவன். அக்காலத்துத் தமிழகக் கீழ்க்கடற்கரையை அராபியர் மாபார் என்றனர். சீனரும் அப்பெயரையே தம் மொழிக்கேற்பத் திரித்து வழங்கினர். 1279ஆம் ஆண்டு முதல் மாபார்த் தூதர் குப்ளாய் கானின் அவைக்குப் பலமுறை சென்றனர். அவனும் யாங் திங்-பி என்னும் அதிகாரியை இந்நாட்டிற்கு விடுத்தான்.

1281ஆம் ஆண்டில் யாங் கொல்லத்தை நாடிப் புறப்பட்டார். காற்று வாய்க்காமையாலும் உணவு குறைந்தமையாலும் மாபார்த் துறை ஒன்றில் இறங்கி, அங்கிருந்து நிலவழியே கொல்லம் செல்ல இசைவு வேண்டினார். அமைச்சர் இருவர் அவரை இன்சொல்லால் வரவேற்றனர். தம் நாட்டுக் கலங்கள் சூவன்சௌ துறையில் நன்கு பேணப்பட்டமைக்கு நன்றியும் கூறினர். ஆனால் வழி மட்டும் தரவில்லை. அரசுரிமை கொண்ட உடன்பிறந்தார் ஐவரும் காயலில் கூடிக் கொல்லத்தின்மேற் படையெடுத்தலைப் பற்றி ஆராய்ந்து கொண்டிருந்தனர் என்பது பின்னர் அவர்க்குத் தெரிய வந்தது. காயற்பகுதியினின்று கொல்லம் செல்வோர் மேற்கு மலைத்தொடரைக் கடத்தல் வேண்டும். இன்றைய சேத்தூரும் திருவில்லிபுத்தூரும் அத்தொடரின் கீழ்ப்புற அடிவாரத்தில் அமைந்தவை. அவற்றை உள்ளிட்ட நிலப்பகுதி அன்று பாண்டியர்க்கு உரியது. போர் கருதும் காலத்தில் எல்லைப்புற மலைவழிகளை அயல்நாட்டுத் தூதனுக்குக் காட்ட எவ்வரசும் உடன்படாது. ஆதலின் அம்மறுப்பு இயல்பானதே.

இம்மறுப்பினால் பாண்டிநாட்டின் மதிப்புக் குன்றிற்றா எனின், இல்லை. அயலகக் கடல்நாடுகளுள் மாபாரும் கொல்லமுமே ஏனைய நாடுகட்குத் தலைமை தாங்கத்தக்கவை என்றும், கொல்லம் மாபாருக்குப் பின்னரணாக உள்ளது என்றும் யுவான் வரலாறு குறிக்கின்றது. சோழரை அடங்கிய நாட்டவர் என்றெழுதிய அதே சீனத்தில் பாண்டிநாடு பெற்ற இடம் இது. படைவலியிலும் பரப்பிலும் குலசேகரன் நாடு இராசேந்திரன் நாட்டிற்கு நிகராகாது. எனவே, இவ்வேறுபாட்டிற்குக் காரணத்தை அயலுறவு முறையிலேயே தேடுதல் வேண்டும்.

அக்காரணங்கள் மூன்று எனக் கூறலாம். முதலாவது, தூது இடையறாது சென்றமை. இரண்டாவது, இடைநின்ற அரசொன்றின் வாய்ச்சொல்லை நம்பாது சீன அதிகாரியே இந்நாட்டில் வந்து இறங்கி நேரிற் கண்டமை. மூன்றாவது, வணிகர் வாழ்வு. காயலை வருணிக்கும் மார்க்கோ போலோ, அந்நாட்டு மன்னன் அயல்நாட்டு வணிகரை நேர்மையுடன் நடத்துதலால் அவர்கள் விரும்பி வருகின்றனர் என எழுதினார். சீனத்தில் நம்மவர் நிலையும் அத்தகையதே. யாங் மாபாரில் இறங்கிய அதே 1281ஆம் ஆண்டில், சக ஆண்டு 1203 சித்திரையில், சூவன்சௌ நகரில் சம்பந்தப்பெருமாள் என்பார் திருக்கதலீசுவரம் என்னும் சிவன்கோயிலை நிறுவினார். செகசை கானின் ஆணைபெற்று, அவன் உடல்நலம் கருதி அது நிறுவப்பட்டதை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு உரைக்கின்றது. 1003இல் ஸ்ரீவிசயத்தார் மேற்கொண்ட நெறியை ஈண்டுத் தமிழர் ஒருவர் மேற்கொண்டமை காண்க.

முடிபு

தூது என ஓர் அதிகாரத்தையே வகுத்தவர் திருவள்ளுவர். அதியமான் பொருட்டு ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றமையைப் புறநானூறு கூறும். தூதின் அருமையைத் தமிழர் அறியாதவர் அல்லர். எனினும், சோழர் தம் கடல் வெற்றியைத் தம் நாட்டுக் கோயிற் சுவர்களில் எழுதிய அளவிற்குப் பிறநாட்டு அவைகளில் எடுத்துரைக்கவில்லை. சீனத்திற்கு விடுத்த தூதுகளைப் பற்றி அவர்தம் மெய்க்கீர்த்திகளும் ஒன்றும் கூறவில்லை. வெற்றி வெளிநாட்டில் அச்சத்தை விளைக்கலாம். ஆனால் அச்சம் எட்டாத தொலைவில் உள்ள நாட்டார்க்கு, யார் வந்து என்ன கூறினர் என்பதே புகழாகின்றது.

இதனால் ஆராய்ச்சி மாணாக்கர் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. கடாரங்கொண்ட செய்தியை மட்டும் எழுதி 1106ஆம் ஆண்டுக் குறிப்பை விடுத்தால் அது புகழ்ச்சியாகுமேயன்றி வரலாறு ஆகாது. அக்குறிப்பை மட்டும் காட்டிச் சோழர் பெருமையை மறுப்பதும் அத்தகையதே. இரண்டையும் அருகருகே வைத்து, இடையே நிகழ்ந்த அயலுறவை ஆராயும்போதுதான் உண்மை புலனாகும். அவ்வாராய்ச்சிக்குச் சீனமொழிப் பயிற்சி இன்றியமையாதது. அம்மூலங்களை நேரே கற்றுத் தமிழில் பெயர்க்கும் பணி தமிழ்த்துறைகள் மேற்கொள்ளற்பாலது. பிறர் நம்மைப் பற்றி எழுதியதையும் பிறர் வாயிலாகவே அறிந்துகொண்டிருத்தல், சோழர் செய்த தவற்றை நாமும் தொடர்வதாகும்.