கைவினை மேசைக் கலங்கள்: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பிரதேசம்

கைவினை மேசைக் கலங்கள் என்பன, தையல், மணி கோத்தல், சித்திரம், காகித வேலை, செதுக்கு வேலை முதலிய நுண்ணிய தொழில்களில் ஈடுபட்டோர், ஊசி, நூற்கண்டு, கத்தரி, தூரிகை, பொத்தான், பாசிமணி, பசைக்குப்பி ஆகியவற்றை வேலை செய்யும் இடத்திலேயே வகை பிரித்துத் தேடாமல் எடுக்கும்படி வைத்துக்கொள்வதற்காகத் தம் கையாலேயே செய்துகொள்ளும் குழல், கூடை, பெட்டி, தட்டு, தொங்குபை முதலான சாதனங்களாகும். கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் டப்பாக்கள் எந்த ஊருக்கும் எந்தக் கைக்கும் ஒரே அளவினவாய் வார்க்கப்பட்டு வருவன. கையால் செய்த கலமோ, அதில் வைக்கப்படும் கருவியின் நீளத்தையும், வேலை செய்பவரின் கை எட்டும் தூரத்தையும், அந்த ஊரின் காற்றையும் ஈரத்தையும் கணக்கிற்கொண்டு உருவாவது. கடைசியாகச் சொன்ன சீதோஷ்ண விஷயம் எவ்வளவு முக்கியமானது என்பதைக் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டு எல்லையோரமாக உள்ள தமிழ் ஊர்களில் தெளிவாகக் காணலாம்.

பாலக்காட்டின் கிழக்கே வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் ஆகிய எல்லைச் சாவடிகளை ஒட்டிக் கிடக்கும் சித்தூர் வட்டமும், தெற்கே மலைமேல் மூணாறு, மறையூர், காந்தளூர், வட்டவடை, குமுளி, வண்டிப்பெரியாறு முதலிய ஊர்களைக் கொண்ட தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களும், 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பில் கேரளத்தோடு சேர்ந்தபோதிலும், தமிழ் பேசும் மக்கள் மிகுதியாக வாழ்ந்துவரும் பிரதேசங்களாகும். பாலக்காடு மாவட்டம் 1957இலும், இடுக்கி மாவட்டம் 1972இலும் உருவாயின. மேற்குத் தொடர்ச்சி மலை இடைவிட்டுத் திறந்துள்ள பாலக்காட்டுக் கணவாயின் வழியே ஆண்டில் பல மாதங்கள் பலத்த காற்று வீசுவதால், சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் மேசைமேல் எந்தப் பொருளை மூடாமல் வைத்தாலும் அன்று மாலைக்குள் அதன்மேல் புழுதி படிந்துவிடும். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாற்றிலோ, மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே நுழைந்து, மூடிவைத்த பொருளில் பூசணம் பூக்கச் செய்யும். ஆகையால் கீழ்நாட்டிற்கு மூடியுள்ள பெட்டியும், மலைநாட்டிற்குக் காற்றோடும் கூடையும் பொருத்தமானவை. மூணாற்றுக்கு வடக்கே மழைமறைவில் அமைந்துள்ள மறையூர்ப் பள்ளத்தாக்கில் இவ்விரண்டுமே நன்றாய் நிலைக்கும்.

இக்கலங்களின் மூதாதைகள் அடுக்களையிலும் தொழிற்களத்திலும் நெடுங்காலமாக இருந்துவந்தவையே. கடுகு, சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள் என்று சரக்கு வகைக்கு ஓர் அறையாகப் பகுத்த அஞ்சறைப் பெட்டி, வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றுக்குத் தனித்தனி இடம் வைத்த வெற்றிலைச் செல்லம், தலைச்சேரிக்கு அருகிலுள்ள நெட்டூரின் பெயர் தாங்கிக் கூம்பிய மூடியும் பித்தளைப் பூணும் கொண்டு விளங்கும் நெட்டூர்ப் பெட்டி ஆகியவை இல்லத்துக்கு உரியவை. பனையேறி தன் இடுப்பில் கட்டிச் சென்ற அரிவாள் பெட்டியும், ஏடு எழுதியவர் எழுத்தாணியையும் வாருகத்தியையும் சேர்த்துச் செருகிய உறையும் தொழிலுக்கு உரியவை. இவை எல்லாவற்றினும் ஆழ்ந்து கவனிக்கத் தக்கது, ஈய எழுத்துக் கோத்து அச்சடித்த காலத்து அச்சுக்கூடங்களில் இருந்த எழுத்துக் கேஸ். தமிழின் உயிரும் மெய்யும் உயிர்மெய்யுமாகிய அத்தனை வடிவங்களையும் பல அறைகளில் பகுத்து, அடிக்கடி வேண்டிய எழுத்துக்குக் கைக்கு அருகில் பெரிய அறையும், அருகி வரும் எழுத்துக்கு ஓரத்தில் சிறிய அறையும் கொடுத்திருந்தபடியால், தேர்ந்த கம்பாசிட்டர் கேஸைப் பார்க்காமலே எழுத்தெடுத்தார். பொருளின் அழகையோ விலையையோ பாராமல், அது எத்தனை முறை எடுக்கப்படுகிறது என்பதைக் கொண்டு இடம் வகுக்கும் இந்த விதி, கைவினை மேசைக்கு அப்படியே பொருந்தும்.

அளவு எடுத்தல். முதலில் பெட்டி செய்துவிட்டுப் பிறகு பொருளை அதில் அடக்க முயல்வதே இவ்விஷயத்தில் நேரும் பெரும்பாலான வீண் சிரமங்களுக்குக் காரணம். மேசைமேல் உள்ள யாவற்றையும் ஒரு பாயில் பரப்பி, ஒன்றோடொன்று சேர்ந்து பயன்படுவனவற்றை ஒரு குவியலாக ஒதுக்கி, அக்குவியலின் அகல நீளங்களை நூல் பிடித்து அளந்த பின்னரே பொருளையும் வடிவத்தையும் நிச்சயிக்க வேண்டும். புதிய பென்சிலின் நீளம் சுமார் 18 சென்டிமீட்டர். அதற்குரிய குழல் 10 சென்டிமீட்டர் உயரம் இருந்தால், பென்சில் சாயாமலும் விரலுக்கு எட்டும்படியும் நிற்கும். குழல் இதனினும் உயர்ந்தால் தேய்ந்த பென்சில்கள் உள்ளே மறைந்துபோகும். தாழ்ந்தால் கத்தரியின் பாரத்தால் கவிழும். பாசிமணிக்கு ஆழமான கலம் உதவாது. விரல் நுனியால் ஒற்றி எடுக்கும்படி அதன் அடி வளைந்தும் ஆழமின்றியும் இருக்க வேண்டும்.

மூங்கில். அட்டப்பாடி மலைகளிலும் மறையூர் வட்டாரத்திலும் எளிதாய்க் காணப்படும் மூங்கில், அதன் கணுவிலேயே அடித்தட்டு இயற்கையாக அமைந்திருப்பதால், ஆணியும் பசையும் இல்லாமல் கலமாகக்கூடிய அரிய பொருளாகும். ஆயினும் வெட்டிய மூங்கிலை அப்படியே அறுத்து மேசைமேல் வைப்பது கூடாது. மூன்று ஆண்டு முதிராத தண்டில் நீரும் மாச்சத்தும் மிகுந்திருக்குமாதலால், நீர் வற்றும்போது அது நெடுக வெடிக்கும்; மாச்சத்தை நாடி வரும் துளைப்பான் வண்டு உட்சுவரைக் குடைந்து, குழலின் அடியில் மாவுபோன்ற பொடியைக் கொட்டும். இதை அறிந்த மலைவாசிகள், முதிர்ந்த தண்டையே தேர்ந்து, வறண்ட பருவத்தில் வெட்டி, ஓடும் நீரில் சில வாரங்கள் ஊறவைத்து, பின்னர் அடுப்புக்கு மேலுள்ள பரணில் புகை படும்படி கிடத்தி வைப்பார்கள். புகை இல்லாத இக்காலத்து அடுக்களைகளில், வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைப்பது அதற்கு மாற்றாகும்.

பதமான தண்டு கிடைத்தபின், கணுவுக்குக் கீழே விரற்கடை அளவு விட்டு, நுண்பல் வாளால் தண்டைச் சுழற்றிச் சுழற்றி அறுக்க வேண்டும். ஒரே பக்கமாக அறுத்துச் சென்றால், முடியும் இடத்தில் நார் பிய்ந்து, வெளித்தோலில் நீண்ட சிராய் உரிந்து வரும். அறுத்த வாயை மணற்காகிதத்தில் வட்டமாகத் தேய்த்து, உள்விளிம்பைச் சற்றே சரிவாக இழைத்துவிட்டால் தூரிகையின் மயிர் சிக்காது. அடிக்கணுவின் நடுவில் ஊசித்துளை ஒன்று இட்டால், ஈரத் தூரிகையிலிருந்து வடியும் நீர் தேங்காது. வெவ்வேறு உயரமுள்ள மூன்று நான்கு குழல்களை ஒருங்கே நிறுத்தித் தென்னங்கயிற்றால் இறுகக் கட்டினால், தனித்தனியே கவிழக்கூடியவை சேர்ந்து உறுதியாய் நிற்கும்.

ஈற்றை. இடுக்கியின் ஈரக் காடுகளில் அடர்ந்து வளரும் ஈற்றை, மூங்கில் இனத்தைச் சேர்ந்ததேயாயினும், சுவர் மெலிந்து, கணுவுக்குக் கணு ஒரு மீட்டருக்கு மேலும் இடைவெளி நீளக்கூடியதாகையால், குழலாக்குவதைக் காட்டிலும் கீறிப் பின்னுவதற்கே ஏற்றது. இதன் மெல்லிய உட்படலத்தைச் சீவியெடுத்து ஊராளி, மன்னான், முதுவான் முதலிய பழங்குடி மக்கள் பின்னும் கண்ணாடிப் பாய், பளபளப்பாலும் மடிப்புத்தாங்கும் மென்மையாலும் பிரசித்தி பெற்று, அண்மைக் காலத்தில் புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. அத்தகைய பாயை நெய்யும் திறம் ஒரு மேசைக் கூடைக்கு வேண்டுவதில்லை. எனினும் சீவல்கள் யாவும் ஒரே அகலமும் ஒரே கனமும் உடையனவாய் இருக்க வேண்டும் என்ற நியமம் இரண்டுக்கும் ஒன்றே. கத்தியை நிலையாகப் பிடித்துச் சீவலை அதன்மேல் இழுக்க வேண்டுமேயன்றி, சீவலை நிறுத்திக் கத்தியை ஓட்டலாகாது. காட்டு ஈற்றையை அனுமதியின்றி வெட்டுவது சட்டப்படி குற்றம். கைத்தொழிலாளருக்கு ஈற்றை வழங்கும் பொருட்டு 1971இல் கேரள மாநில மூங்கில் கழகம் அங்கமாலியில் நிறுவப்பட்டது. மலைத்தோட்டங்களில் கொழுந்து பறிப்போர் முதுகில் சுமந்த கொழுந்துக் கூடையின் திறந்த பின்னலைச் சிறிய அளவில் எடுத்தாண்டால், நூற்கண்டுக்கும் கம்பளி உருண்டைக்கும் மிகப் பொருத்தமான கலம் கிடைக்கும். காற்று ஊடாடுவதால் மூணாற்று மழையிலும் நூல் பூசணம் பிடிப்பது குறையும்.

பனையோலை. பாலக்காட்டுச் சமவெளியின் அடையாளமாகிய பனை, மலையாள எழுத்தாளர் ஓ. வி. விஜயன் தமது ‘கசாக்கின் இதிகாசம்’ நாவலில் அமரத்துவம் அளித்த மரமாகும். அதன் குருத்தோலையை ஈர்க்கு நீக்கி நிழலில் உலர்த்தி, பின்னுவதற்கு முன் ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பதப்படுத்தி, இரட்டைச் சுவராகப் பின்னினால், அடியும் மூடியும் ஒன்றினுள் ஒன்று இறங்கும் ஓலைப்பெட்டி உருவாகிறது. செட்டிநாட்டுக் கொட்டானும், திருச்செந்தூரை அடுத்த மணப்பாட்டு ஓலைப்பெட்டியும் இவ்வகையில் புகழ் பெற்றவை. மூடி இறுக்கமாக இருப்பதால் கணவாய்க் காற்றின் புழுதி உள்ளே புகாது. உலர்ந்த காற்றில் ஓலை முறுகாமலிருக்க, கோடையில் எப்போதாவது ஈரத்துணியால் துடைத்தால் போதும். பெட்டிக்குள் அறைகள் வேண்டுமானால், சிறுசிறு ஓலைக்கொட்டான்களைத் தனியே பின்னி உள்ளே இறக்குவது, தடுப்புச் சேர்த்துப் பின்னுவதைவிட எளிது. வேலைக்கு வேண்டிய கொட்டானை மட்டும் வெளியே எடுத்து வைத்துக்கொள்ளவும் முடியும்.

சிரட்டை. சித்தூர்ப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் கணக்கின்றிக் கிடைப்பது. வெளிநாரைச் சுரண்டி, உடைந்த கண்ணாடித் துண்டாலும் பின்னர் மணற்காகிதத்தாலும் தேய்த்துத் தேங்காயெண்ணெய் பூச, கருங்காலி போன்ற மெருகு ஏறும். பாதிச் சிரட்டையின் வளைவு பாசிமணிக்கென்றே அமைந்தது. உருளாமலிருக்கப் பலகையில் வட்டத்துளை இட்டு, அதில் பொருத்திவிட வேண்டும்.

காகிதமும் அட்டையும். 1934இல் காந்தியடிகள் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, அதன் பொறுப்பை ஏற்ற தமிழர் ஜே. சி. குமரப்பா, கைக்காகிதத்தை அச்சங்கத்தின் தொழில்களுள் ஒன்றாகக் கொண்டு வளர்த்தார். அந்த மரபின் கனிந்த பயனை இன்று மூணாற்றில் காணலாம். டாட்டா தேயிலை நிறுவனத்தின் ஆதரவில் 1990களில் வளர்ந்த சிருஷ்டி என்னும் நல அமைப்பு, தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் பிறந்த மாற்றுத்திறனாளிகளுக்குத் தொழில் பயிற்றிப் பிழைப்பும் அளித்துவருகிறது. அதன் பிரிவுகளுள் ‘ஆரண்யா’ இயற்கைச் சாயம் தோய்த்த துணியையும், ‘அதுல்யா’ கைக்காகிதத்தையும் காகிதப் பொருள்களையும் உற்பத்தி செய்கின்றன. கழிவுக் காகிதத்தை ஊறவைத்துக் கூழாக்கி, தொட்டியிலிருந்து சல்லடைச் சட்டத்தில் ஏந்தி, துணிமேல் கவிழ்த்து, அழுத்தி நீரகற்றி, உலர்த்தி, மெருகிட்டு எடுப்பதாகிய இத்தொழிலில், ஒவ்வொரு படியும் தனி ஒருவர் பழகித் தேர்ச்சி பெறத் தக்கதாக அமைந்திருப்பது, மெல்லக் கற்கும் கைகளுக்கும் கௌரவமான இடத்தைத் தருகிறது. கைவினைத் தொழிலைப் பற்றிச் சொல்லப்படும் பெருமைகளுள் இதனினும் உண்மையானது வேறில்லை.

அட்டைப்பெட்டி செய்வோர், பைண்டிங் வேலைக்காரர்களின் முறையையே பின்பற்றலாம். மைதா மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, இளந்தீயில் கிளறிக் கண்ணாடிபோல் தெளிந்ததும் இறக்கி, ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்த்தால், பசையைத் தின்ன வரும் பூச்சிகள் அணுகா. துத்தம் நஞ்சாதலால் குழந்தைகள் எடுக்கும் பெட்டிக்கு அதைத் தவிர்க்க வேண்டும். அட்டையின் ஒரு முகத்தில் மட்டும் காகிதம் ஒட்டினால், உலரும்போது காகிதம் சுருங்கி அட்டையை அந்தப் பக்கமாக வளைத்துவிடும். ஆகவே இரு முகத்திலும் ஒட்டி, பலகைகளின் இடையே பாரம் வைத்து ஓரிரவு உலர்த்துவது அவசியம். மலைநாட்டில் இதைச் செய்ய மழையற்ற வறண்ட மாதங்களே உகந்தவை.

மரமும் துணியும். ஒருகாலத்தில் தேயிலை ஏற்றுமதிக்குரிய ஒட்டுப்பலகைப் பெட்டிகள், விளிம்பில் தகரப் பட்டையும் உள்ளே அலுமினியத் தாளும் கொண்டவையாய் இருந்தன. மெலிந்தும் கோணாமலும் இருக்கும் அத்தகைய பலகை, இழுப்பறைக்குள் தடுப்புகள் போட மிகவும் ஏற்றது. தையற்கடை வெட்டுத் துண்டுகளை வரிசை வரிசையாகப் பைகளாய்த் தைத்த தொங்குபை, தோட்டத் தொழிலாளர் வாழும் இட நெருக்கமுள்ள லயத்து வீடுகளுக்கு ஏற்றது. மேசையே இல்லாதவர் கதவின் பின்புறத்தில் அதை மாட்டிக்கொள்ளலாம்.

பராமரிப்பு. நூலும் துணியும் உள்ள கலத்தில் வசம்புத் துண்டோ உலர்ந்த வேப்பிலையோ இட்டால் இராமபாணப் பூச்சி அண்டாது என்பர். மலையில் ஊசியும் கத்தரியும் துருப்பிடிக்கும் வேகம் அதிகமாதலால், மழைக்காலத்திற்கு முன் அவற்றைத் தையல் மெஷின் எண்ணெய் தோய்ந்த துணியால் துடைத்து, கூடையில் அல்லாமல், அடுப்படிச் சுவரை ஒட்டிய உலர்ந்த இடத்தில் மூடிய பெட்டியில் வைப்பர். மலைநாட்டிற்குச் சொன்ன திறந்த கூடையின் விதிக்கு இரும்பு ஒன்றே விலக்கு. மூங்கிற்குழலின் அடியில் பொடி உதிரக் கண்டால், அதை மற்றக் கலங்களிலிருந்து உடனே பிரித்து, வெண்காரக் கரைசலில் மீண்டும் ஊறவைக்க வேண்டும். துளைகள் பெருகிய குழலை எரித்துவிடுவதே நலம். ஓலைப்பெட்டியில் விளிம்பே முதலில் இற்றுப்போவதால், அதைப் புது ஓலையால் மறுபடி கட்டிக்கொண்டு, அடி உறுதியாக உள்ளவரை உபயோகிக்கலாம்.