பங்க் துணைப்பண்பாடும் கிறித்தவ நம்பிக்கையும்

பங்க் என்பது 1970களின் நடுப்பகுதியில் நியூயார்க்கிலும் லண்டனிலும் உருவாகி உலகெங்கும் பரவிய இளைஞர் துணைப்பண்பாடு. வேகமான, எளிய ராக் இசை, சேஃப்டி பின் குத்திய கிழிந்த ஆடை, ஆணி பதித்த தோல் ஜாக்கெட், அதிகார எதிர்ப்பு, எவரையும் எதிர்பாராமல் தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் போக்கு ஆகியவை இதன் அடையாளங்கள். பங்க் வாழ்வும் கிறித்தவ நம்பிக்கையும் ஒன்றோடொன்று பொருந்துமா என்ற கேள்வி ஏறத்தாழ அரை நூற்றாண்டாக இரு தரப்பிலும் விவாதிக்கப்படுகிறது. எல்லாருக்கும் ஏற்புடைய விடை எதுவும் கிடைக்கவில்லை. ஆயினும், திருச்சபை ஆட்சி அதிகாரத்துக்கு எவ்வளவு நெருக்கமாக நின்றதோ, அந்த அளவுக்குப் பங்க்குடன் அதன் மோதலும் கடுமையாக இருந்ததை வரலாற்றில் காணலாம்.

முரண்பாட்டின் தோற்றம்

தொடக்ககால பங்க் குழுக்கள் பலவும் சமயத்தை அரசு, காவல்துறை, பள்ளிக்கூடம் ஆகியவற்றின் வரிசையில் வைத்தே பார்த்தன. இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் டயல் ஹவுஸ் என்ற பண்ணை வீட்டில் கூட்டாக வாழ்ந்த கிராஸ் குழு இதற்கு நல்ல சான்று. அரசின்மைவாதமும் போர் எதிர்ப்பும் பேசிய இக்குழு, தன் முதல் இசைத்தட்டுக்கு இயேசு ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நற்செய்தி நிகழ்ச்சியின் பெயரையே சூட்டியது. அதன் முதல் பாடல் கிறிஸ்துவை நேரடியாகச் சாடியதால், அயர்லாந்து ஆலைத் தொழிலாளர்கள் தட்டை அச்சிட மறுத்தனர். குழுவினர் அப்பாடலை நீக்கி, அந்த இடத்தை வெறும் மௌனமாக விட்டு, அந்த மௌனத்துக்குப் ‘பேச்சுரிமையின் ஓசை’ என்று பொருள்படும் தலைப்பிட்டனர்.

அமெரிக்காவில் எதிர்ப்பின் இலக்கு இன்னும் தெளிவாக இருந்தது. 1979இல் போதகர் ஜெர்ரி ஃபால்வெல் ‘மாரல் மெஜாரிட்டி’ என்ற அமைப்பைத் தொடங்கி, சுவிசேஷக் கிறித்தவர்களைப் பழமைவாத அரசியலுக்குத் திரட்டினார். டெட் கென்னடிஸ் குழு 1981இல் ‘இன் காட் வி டிரஸ்ட், இங்க்.’ என்ற தட்டில் இந்த அரசியலைக் கிண்டலடித்தது. லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில் தோன்றிய பேட் ரிலிஜன் குழு, சிலுவை மீது தடைக்குறி இட்ட படத்தைத் தன் சின்னமாக்கியது.

இரு தரப்பு வாதங்கள்

பொருந்தாது என்போர் பங்க் தரப்பிலும் உண்டு, சபைத் தரப்பிலும் உண்டு. அரசின்மைவாதிகளின் ‘கடவுளும் வேண்டாம், ஆண்டானும் வேண்டாம்’ என்ற பழைய முழக்கத்தை ஏற்ற பங்க்குகளுக்கு, இறைவனுக்குக் கீழ்ப்படிதல் என்பதே அடிமைத்தனம். சபைத் தரப்பினர் விவிலியத்திலுள்ள உரோமையர் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தைச் சுட்டுவர். ஆளும் அதிகாரங்களுக்கு அடங்கி நடக்குமாறு பவுல் கூறுவது அங்கேதான். கெட்ட வார்த்தை, வன்முறை, போதை ஆகியவற்றையும் அவர்கள் எடுத்துக்காட்டுவர்.

பொருந்தும் என்போர் அதே விவிலியத்தின் வேறு பக்கங்களைத் திறக்கின்றனர். கோவிலில் காசு மாற்றுவோரின் மேசைகளைக் கவிழ்த்தவர், வரி தண்டுவோரோடும் பாவிகளோடும் பந்தியமர்ந்தவர், சமயத் தலைவர்களின் வெளிவேடத்தைக் கண்டித்தவர், அரசுக்கு எதிரானவர் என்று தண்டிக்கப்பட்டவர் இயேசு என்பது இவர்கள் வாதம். வாழ்க்கை முறையிலும் ஒற்றுமை தேடலாம். 1981இல் மைனர் திரெட் குழுவின் பாடலிலிருந்து பெயர்பெற்ற ஸ்ட்ரெய்ட் எட்ஜ் பிரிவினர் மது, புகை, போதையை விலக்கினர். சமயச் சார்பில்லாத அந்தக் கட்டுப்பாட்டைக் கிறித்தவ இளைஞர் பலர் எளிதாக ஏற்றுக்கொண்டனர்.

பேட் ரிலிஜன் பாடகரும் விலங்கியல் ஆய்வாளருமான கிரெக் கிராஃபினுக்கு, அக்குழுவின் ரசிகரும் கிறித்தவ வரலாற்றுப் பேராசிரியருமான பிரெஸ்டன் ஜோன்ஸ் மின்னஞ்சல் எழுதினார். கடவுள் நம்பிக்கை பற்றி இருவரும் நடத்திய நீண்ட கடிதப் போக்குவரத்து 2006இல் நூலாக வந்தது. இருவரில் எவரும் தம் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை.

அமெரிக்கக் கிறித்தவ பங்க்

1960களின் இறுதியில் கலிபோர்னியாவில் ஹிப்பி இளைஞர்களிடையே எழுந்த ‘இயேசு இயக்கம்’, ராக் இசையைச் சபைக்குள் கொண்டுவந்தது. 1980களில் அதே மண்ணில் அண்டர்கவர், ஆல்டர் பாய்ஸ், தி குரூசிஃபைடு போன்ற கிறித்தவ பங்க் குழுக்கள் தோன்றின. டெக்சாஸைச் சேர்ந்த ஒன் பேட் பிக், ஜானி கேஷின் ‘மேன் இன் பிளாக்’ பாடலை அவரையே உடன் பாடவைத்துப் பதிவுசெய்தது.

சிகாகோவில் கூட்டுக் குடும்பமாக வாழ்ந்து ஏழைகளுக்குத் தொண்டு செய்த ‘ஜீசஸ் பீப்பிள் யு.எஸ்.ஏ.’ சமூகம் 1984 முதல் 2012 வரை கார்னர்ஸ்டோன் விழாவை நடத்தியது. வழக்கமான கிறித்தவ மேடைகள் ஏற்கத் தயங்கிய குழுக்களுக்கு இந்த விழா இடம் கொடுத்தது. இச்சமூகத்துக்குள்ளிருந்தே கிராஷ்டாக் என்ற பங்க் குழுவும் வந்தது.

1993இல் பிராண்டன் ஈபல் தொடங்கிய ‘டூத் அண்டு நெயில்’ நிறுவனம் இந்த இசையைப் பெருஞ்சந்தைக்குக் கொண்டுசென்றது. அதன் வெளியீடுகளால் அறிமுகமான, வாஷிங்டன் மாநிலத்தின் பிரெமர்ட்டன் நகரைச் சேர்ந்த எம்எக்ஸ்பிஎக்ஸ் குழுவின் 1998ஆம் ஆண்டு இசைத்தொகுப்பு அமெரிக்காவில் 5 லட்சம் பிரதிகளுக்கான தங்கச் சான்று பெற்றது. வெற்றியோடு புதிய சிக்கலும் வந்தது. கிறித்தவப் புத்தகக் கடைகளில் விற்கும் தட்டில் வசைச்சொல் இருக்கக்கூடாது; பாடுவோரின் ஒழுக்கத்தில் ஐயம் எழக்கூடாது. சந்தையின் இந்தக் கட்டுப்பாட்டைப் பொது பங்க் ரசிகர்கள் கேலி செய்தனர். ‘நாங்கள் கிறித்தவர்கள், ஆனால் கிறித்தவ இசைக்குழு அல்ல’ என்ற விளக்கம் இத்துறையில் வாடிக்கையானது இதனால்தான்.

கிழக்கு ஜெர்மனி: தேவாலயத்தில் அடைக்கலம்

பங்க்கும் திருச்சபையும் மிக நெருங்கியது, பங்க்குகளில் பெரும்பாலோர் கடவுளை நம்பாத ஒரு நாட்டில். கம்யூனிஸ்ட் கிழக்கு ஜெர்மனியில் பொது மேடை ஏற, அரசுக் குழுவின் முன் வாசித்துக்காட்டி அனுமதிச் சான்று பெற வேண்டும். பங்க் குழுக்களுக்கு அது கிடைக்கவில்லை. ஆனால் 1978 மார்ச்சில் அதிபர் எரிக் ஹோனெக்கரும் புராட்டஸ்டன்ட் திருச்சபைத் தலைவர்களும் கண்ட உடன்பாட்டால், தேவாலயச் சுவர்களுக்குள் ஓரளவு தன்னாட்சி நிலவியது. வழிபாட்டின் பகுதியாக நடக்கும் இசைக்கு அரசின் அனுமதிச் சான்று தேவைப்படவில்லை.

இந்த இடைவெளியை முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியவர் கிழக்கு பெர்லின் போதகர் ரைனர் எப்பெல்மன். 1979இல் அவர் தொடங்கிய ‘புளூஸ் வழிபாடு’களில் இசையும் நாடகமும் செபமும் கலந்திருந்தன. ஆயிரக்கணக்கில் திரண்ட இளைஞர்களில் விரைவில் பங்க்குகளும் சேர்ந்தனர். ‘திறந்த பணி’ என்ற அணுகுமுறையைக் கடைப்பிடித்த சபைகள் திருமுழுக்கோ நம்பிக்கையோ கேட்காமல் இளைஞர்களை ஏற்று, கருவிகள் பழக அறை கொடுத்தன. ஹாலே நகரின் கிறிஸ்து தேவாலயத்தில் 1983இல் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பங்க்குகள் கூடி விழா நடத்தினர்.

ஸ்டாசி உளவுத்துறை இதைப் பொறுக்கவில்லை. அதன் அமைச்சர் எரிக் மீல்க்கே அதே ஆண்டு பங்க்குகள் மீது கடுமையான நடவடிக்கைக்கு உத்தரவிட்டார். பலர் ராணுவத்துக்கு இழுக்கப்பட்டனர், சிலர் நாடுகடத்தப்பட்டனர். ‘நாமென்லோஸ்’ குழுவினர் சிலர் பாடல் வரிகளுக்காகவே சிறை சென்றனர். குழுக்களுக்குள்ளேயே ஸ்டாசியின் ஒற்றர்கள் இருந்தது பின்னாளில் கோப்புகள் திறக்கப்பட்டபோது தெரியவந்தது.

உறவு உரசலற்றதாகவும் இல்லை. கூச்சலும் குடியும் சபை மூத்தவர்களைச் சங்கடப்படுத்தின. அரசின் நெருக்குதலால் சில சபைத் தலைமைகள் கதவைச் சாத்தின. 1987 அக்டோபரில் கிழக்கு பெர்லினின் சீயோன் தேவாலயத்தில் நடந்த இசை நிகழ்ச்சிக்குள் வலதுசாரி ஸ்கின்ஹெட் கும்பல் புகுந்து பார்வையாளர்களைத் தாக்கியது. அருகிலிருந்த காவலர் தலையிடாதது பெரும் சர்ச்சையானது. ஆயினும் இந்த அறைகளில் பழகியவர்கள் பலர் 1989ஆம் ஆண்டின் எதிர்ப்பு இயக்கத்தில் பங்கெடுத்தனர்.

ஆர்த்தடாக்ஸ் மரபில்

கலிபோர்னியாவின் பிளாட்டினா மடத்தைச் சேர்ந்த ஆர்த்தடாக்ஸ் துறவிகள் சிலர் முன்பு பங்க், மெட்டல் இசைவட்டங்களில் இருந்தவர்கள். பங்க் இதழான ‘மேக்சிமம் ராக்அண்ட்ரோல்’ அவர்களின் விளம்பரத்தை ஏற்கவில்லை. இசைத்தட்டுக்கும் சிற்றிதழ்களுக்கும் மட்டுமே விளம்பரம் என்பது பதில். அப்படியானால் சிற்றிதழே நடத்துவோம் என்று 1994இல் ‘டெத் டு த வேர்ல்டு’ இதழைத் தொடங்கினர். நகலெடுத்த தாளில் பங்க் வடிவமைப்போடு பாலைவனத் துறவிகளின் வாழ்வைச் சொன்ன அது, துறவையே கடைசிக் கலகமாக முன்வைத்தது.

இதற்கு நேரெதிர் நிகழ்ச்சி மாஸ்கோவில் நடந்தது. 2012 பிப்ரவரி 21 அன்று புஸ்ஸி ரயட் குழுவினர் மீட்பர் கிறிஸ்து பேராலயத்தில் ‘பங்க் செபம்’ நிகழ்த்தினர். புடினை விரட்டுமாறு கன்னி மரியாளை வேண்டிய அப்பாடல், ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் முதுபெரும் தந்தை கிரில் புடினுக்கு அளித்த அரசியல் ஆதரவையும் கண்டித்தது. ஆகஸ்டில் மூவருக்கு, மதவெறுப்பால் தூண்டப்பட்ட ரௌடித்தனம் என்ற குற்றத்துக்காக 2 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது; ஒருவரின் தண்டனை மேல்முறையீட்டில் நிறுத்திவைக்கப்பட்டது. நம்பிக்கையாளரை இழிவுபடுத்தும் நோக்கமில்லை என்று வாதிட்ட அவர்கள், நீதிமன்ற உரைகளில் விவிலியத்தையே துணைக்கழைத்தனர். 2013இல் ரஷ்யா சமய உணர்வைப் புண்படுத்துவதைத் தனிக் குற்றமாக்கியது.

பிற சமயங்கள்

இக்கேள்வி கிறித்தவத்துக்கு மட்டும் உரியதன்று. வாஷிங்டனின் பேட் பிரெயின்ஸ் குழுவினர் ராஸ்தஃபாரி நெறியைத் தழுவினர். ரே காப்போவின் ஷெல்டர் குழு கிருஷ்ண பக்தியைப் பாடியது. மைக்கேல் முகம்மது நைட்டின் புதினமான ‘தி தக்வாகோர்ஸ்’ இஸ்லாமிய பங்க் குழுக்களுக்குத் தூண்டுகோலானது.

மதிப்பீடு

கொள்கை அளவில் இரண்டும் முழுமையாக ஒன்றாகா. இறுதி அதிகாரம் கடவுளுக்கே என்பது கிறித்தவம். எந்த அதிகாரமும் இறுதியன்று என்பது பங்க்கின் தீவிரப் பிரிவு. நடைமுறையில் வேறு கணக்கு செயல்பட்டது. அரசால் ஒதுக்கப்பட்ட கிழக்கு ஜெர்மன் சபை, கடவுளை நம்பாத பங்க்குகளுக்கு அறை திறந்தது. அரசோடு கைகோத்த மாஸ்கோ பேராலயத்தில், செபம் என்ற பெயரில் பாடியவர்கள் சிறைக்குச் சென்றார்கள். பங்க் கிறித்தவத்தோடு பொருந்துமா என்று கேட்போர், அந்தக் கிறித்தவம் யார் பக்கம் நிற்கிறது என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.