நான்காவதாக வந்த கள்வன்

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பாத்திரமேற்று ஆடும் மேசை ஆட்டம் 1974இல் அமெரிக்காவில் வெளியானபோது அதில் மூன்று வகைப் பாத்திரங்களே இருந்தன: போர்வீரன், மந்திரவாதி, சமயகுரு. கள்வன் இல்லை. பாதாள அறைகளில் பொறி தேடுவது குழுவில் உள்ள எல்லோருக்கும் பொதுவான வேலை. பத்தடிக் கோலால் தரையைத் தட்டுகிறேன், கதவில் காதை வைக்கிறேன் என்று ஆடுபவர் சொல்வார். என்ன நடந்தது என்பதை ஆட்டத்தை நடத்துபவர் சொல்வார்.

கள்வனை முதலில் கற்பனை செய்தவர்கள் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் 'ஏரோ ஹாபீஸ்' கடையில் கூடிய ஆட்டக்காரர்கள். அந்த யோசனையைக் கேட்டறிந்த கைகாக்ஸ், தம் போக்கில் விதிகளை எழுதி 1974 ஜூனில் ஒரு சிறு செய்தி மடலில் வெளியிட்டார். 1975இல் 'கிரேஹாக்' இணைப்பு நூலில் கள்வன் முறையாக இடம்பெற்றான். பூட்டுத் திறத்தல், பொறி நீக்குதல், சட்டைப் பை அடித்தல், ஓசையின்றி நடத்தல், நிழலில் மறைதல், சுவர் ஏறுதல் ஆகியவை அவன் கலைகள். பின்னாலிருந்து தாக்கினால் காயம் இரட்டிப்பாகும். அனுபவம் கூடக்கூட அந்தப் பெருக்கமும் கூடும்.

இந்தக் கள்வனுக்கு இலக்கிய மூதாதையர் உண்டு. ஃப்ரிட்ஸ் லைபர் 1939 முதல் எழுதிய கதைகளின் கிரே மவுசர், ஜாக் வான்ஸின் கியூகல் இருவரையும் கைகாக்ஸ் பெரிதும் விரும்பினார். நிழலிலிருந்து ஆற்றல் பெறும் நாயகனை ரோஜர் செலாஸ்னி 1971இல் படைத்திருந்தார். டோல்கீனின் பில்போவும் கன்னக்காரனாகத்தான் குள்ளர்களின் குழுவில் சேர்க்கப்படுகிறான்.

ஆட்ட மேசையில் நிலைமை வேறு. 1978இன் விதிநூலில் முதல் நிலைக் கள்வன் சுவர் ஏறுவதில் 85 சதவீதம் வெல்வான். பூட்டுத் திறப்பதில் 25, நிழலில் மறைவதில் வெறும் 10. பத்தில் ஒன்பது முறை பிடிபடுகிறவனை நம்பி எந்தக் குழுவும் அவனை முன்னே அனுப்பத் தயங்கும். இதற்கு ஈடாக அவன் நிலை உயர்வு விரைவாக்கப்பட்டது: இரண்டாம் நிலையை எட்டப் போர்வீரனுக்கு 2,001 அனுபவப் புள்ளி தேவைப்பட்ட இடத்தில் கள்வனுக்கு 1,251 போதும். வேறொரு விளைவு இதைவிட ஆழமானது. பொறி நீக்க ஒருவனுக்குத் தனிச் சதவீதம் வந்ததும், மற்றவர்கள் அதைத் தேடுவதையே கைவிட்டார்கள். பழைய ஆட்டக்காரர்கள் இன்றும் இதைக் குறை சொல்வதில் நியாயம் இருக்கிறது.

1989இன் இரண்டாம் பதிப்பு, சதவீதப் புள்ளிகளை எந்தக் கலையில் எவ்வளவு சேர்ப்பது என்ற தேர்வை ஆடுபவரிடமே விட்டது. பூட்டில் தேர்ந்தவன், பதுங்குவதில் தேர்ந்தவன் என்று கள்வர்கள் வேறுபடத் தொடங்கினர்.

கணினியில் கள்வனின் தொடக்கம் எளியது. 1981இன் 'விசார்ட்ரி'யில் ஆறு பேர் கொண்ட குழுவில் முன்வரிசை மூவரே கைகலக்க முடியும். கள்வன் பின்னால் நின்று, சண்டை முடிந்தபின் பெட்டிகளின் பொறியைச் சோதிப்பான். 1998இன் 'பால்டர்ஸ் கேட்' அவனுக்குக் களத்தில் வேலை கொடுத்தது: ஒளிந்து முன்னே சென்று வேவு பார்ப்பது, பின் பகைவன் முதுகில் குத்துவது.

மேசை ஆட்டத்தில், 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு 'ரோக்' என்று பெயரை மாற்றியது; பெரிய மாற்றம் தாக்குதல் விதியில்தான். பகைவனின் எதிரெதிர்ப் பக்கங்களில் கள்வனும் தோழனும் நின்றாலே கூடுதல் பகடைகள் உருளும். ஒளிந்திருக்க வேண்டிய கட்டாயம் போயிற்று. 2014இன் ஐந்தாம் பதிப்பில் எதிரிக்கு ஐந்தடிக்குள் ஒரு தோழன் நின்றால் போதும். தனியே அலையும் திருடனாகப் பிறந்த பாத்திரம் இவ்வாறு தோழர்கள் இருந்தால் எளிதில் முழு வலிமை பெறுபவனாயிற்று. குழுவாக ஆடும் ஆட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான திருத்தம் இல்லை. 2023இன் 'பால்டர்ஸ் கேட் 3' இவ்விதிகளையே பின்பற்றுகிறது. அதில் கள்வனாகக் குழுவில் சேரும் அஸ்டேரியன் பதுங்கும்போது, பகைவர்களின் பார்வை எட்டும் பரப்பு திரையில் சிவப்பாகத் தெரியும். ஆடுபவர் அதைச் சுற்றி வழி தேட வேண்டும்.