றாம் வாங்கும் முன் மதர்போர்ட்டின் பெயரைப் பாருங்கள்

முள்ளிவாய்க்கால் வரை பொலித்தீன் பையில் சுற்றிக் காவிச் சென்ற கடதாசிகளின் பிரதிகள், வன்னியில் பல வீடுகளில் இப்போது ஒரு பழைய கணினிக்குள் இருக்கின்றன. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், ஆணைக்குழுவுக்குக் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி, மிஞ்சிய ஒரேயொரு குடும்பப் படம். பிள்ளையின் படிப்புக்கென வாங்கிய பெட்டி வீட்டின் ஆவணக் காப்பகமாகவும் ஆகிவிட்டது. காணாமலாக்கப்பட்டோரின் உறவுகளைச் சந்திக்கப் போகிற இடங்களில், கதைத்து முடிந்ததும் "இது அடிக்கடி நிண்டுபோகுது, ஒருக்காப் பாருங்கோ" என்று கேட்பவர்கள் அதிகம். அப்படிப் பார்த்ததிலும் விசாரித்ததிலும் தெரிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கணினி மெதுவானால் எல்லோரும் சொல்லும் வைத்தியம் றாம் கூட்டுவது. கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் உறவினர் ஒருவர் நல்ல மனத்தோடு ஒன்றை வாங்கி அனுப்புவார். அது பொருந்தாது. அவர் வாங்கியதில் பிழை இல்லை. எந்த றாம் பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது மதர்போர்ட்டும் அதிலுள்ள புரொசஸரும்தான். இதை முதலில் அவருக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இன்று வீடுகளில் காணப்படுவது பெரும்பாலும் மூன்று தலைமுறை நினைவகம். 2007 இல் வந்த டிடிஆர்3, 2014 இல் வந்த டிடிஆர்4, 2020 இல் தரநிலை வெளியான டிடிஆர்5. டிடிஆர்3 இல் 240 ஊசிமுனைகள். மற்ற இரண்டிலும் 288. எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். மின்னழுத்தமும் வேறு: முறையே 1.5, 1.2, 1.1 வோல்ட். ஆகவே ஒன்றின் இடத்தில் மற்றதைப் போட முடியாது. அழுத்திப் பார்த்தால் சொக்கட் உடையும். மடிக்கணினிக்கான றாம் நீளத்தில் ஏறக்குறையப் பாதிதான்; அது மேசைக் கணினியில் ஏறாது.

உங்கள் போர்ட் எது என்று அறிய பெட்டியைத் திறக்கத் தேவையில்லை. விண்டோஸ் தேடற்பெட்டியில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்தால் 'பேஸ்போர்ட்' என்ற வரிகளில் உற்பத்தியாளரும் மாதிரிப் பெயரும் இருக்கும். சிபியு-இஸட் என்ற இலவச மென்பொருள் இன்னும் விபரமாக, எந்தச் சொக்கட்டில் எத்தனை ஜிபி இருக்கிறது என்பதையும் சேர்த்துக் காட்டும். கணினி இயங்கவே இல்லை என்றால் பக்கத் தகட்டைக் கழற்றுங்கள். பெயர் போர்ட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் பெயரைத் தொலைபேசியில் படமெடுத்து உறவினருக்கு அனுப்புங்கள். உற்பத்தியாளரின் இணையத்தளத்தில் அதே பெயரைத் தேடினால், அதிகபட்சம் எத்தனை ஜிபி தாங்கும், எந்த றாம்கள் பரிசோதிக்கப்பட்டவை என்ற பட்டியல் கிடைக்கும். உதாரணமாக, இன்டெல் இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் புரொசஸர்களுடன் வந்த எச்61 போர்ட்டுகள் டிடிஆர்3 மட்டுமே எடுக்கும். வழமையாக இரண்டு சொக்கட்டுகள், மொத்தம் 16 ஜிபி வரை. விண்டோஸ் 32 பிட் பதிப்பாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை.

பொருந்தாத றாமை விட ஆபத்தானது, பொருந்தி இயங்கிக்கொண்டே பிழை விடுகிற றாம். இதைப் பற்றிக் கடைகளில் யாரும் கதைப்பதில்லை. ஒரு கோப்பை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பென் டிரைவுக்குப் பிரதி செய்யும்போது அது முதலில் றாமுக்குள் வந்துதான் வெளியே போகிறது. அங்கே ஒரு பிட் மாறினால் மாறியதுதான் எழுதப்படும். எச்சரிக்கை எதுவும் வராது. பிறகொரு நாள் திறக்கும்போது படத்தின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாக இருக்கும், அல்லது பிடிஎஃப் திறக்காது. சேர்வர்களில் பிழை திருத்தும் நினைவகம் உண்டு. நம் வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் இல்லை. விளையாட்டுக்கு மட்டும் பாவிக்கிற கணினியில் இது பெரிய விடயமல்ல. மகனின் ஒரே படம் இருக்கிற கணினியில் அப்படிச் சொல்ல முடியாது. வேகத்துக்காக எண்களைப் பார்ப்பதை விட, பிழையில்லாத றாம் கிடைத்ததா என்று பார்ப்பதே இங்கு முக்கியம் என்பது என் எண்ணம்.

போர்ட்டையே மாற்ற வேண்டுமா? டிடிஆர்3 போர்ட் ஒழுங்காக இயங்கினால், பாவித்த 4 ஜிபி ஒன்றையும் ஒரு எஸ்எஸ்டியையும் சேர்த்துக்கொண்டு இன்னும் சில வருடங்கள் ஓட்டலாம். ஆனால் விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 க்கு இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதும், ஏஎம்டி பக்கத்தில் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசையும் அதற்குப் பிந்தியவையும் வேண்டும். பழைய பெட்டியை வைத்திருப்பவர்களுக்கு லினக்ஸ் மின்ட் ஒரு நல்ல வழி. தமிழ் எழுத்தும் அதில் ஒழுங்காக வரும்.

புதிதாக வாங்குபவர்கள் இரண்டு இடங்களில் கவனிக்க வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 போர்ட்டுகள் டிடிஆர்4 எடுக்கும். ஏஎம்5 டிடிஆர்5 மட்டுமே. இது இலகு. இன்டெல் எல்ஜிஏ 1700 இல்தான் குழப்பம்: 12, 13, 14 ஆம் தலைமுறைப் புரொசஸர்கள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் இணங்கும், ஆனால் போர்ட் பொதுவாக ஒன்றையே எடுக்கும். ஒரே எச்610 போர்ட் இரு வகையாகவும் வருகிறது. சில நிறுவனங்கள் பெயரின் முடிவில் டி4 என்று குறிக்கும். பற்றுச்சீட்டில் எச்610 என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் முழுப்பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த டெல், எச்பி பெட்டிகள் நம்மிடம் நிறைய வருகின்றன. நல்ல இயந்திரங்கள்தான். ஆனால் பலவற்றில் மதர்போர்ட்டின் வடிவமும் மின்வழங்கியின் இணைப்பும் அந்த நிறுவனத்துக்கே உரியவை. போர்ட் பழுதானால் சந்தையில் கிடைக்கும் சாதாரண போர்ட் பொருந்தாது. புத்தகம் அளவிலான சிறிய மாதிரிகளில் மடிக்கணினி றாம் இருக்கும். வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.

பழைய போர்ட்டில் இன்னொரு சிறிய விடயம். அதிலுள்ள நாணயம் போன்ற சிஆர்2032 பற்றரி இறந்துவிட்டால், மின்சாரம் நிற்கும்போதெல்லாம் கணினியின் திகதி பல வருடம் பின்னுக்குப் போகும். அந்த நிலையில் ஸ்கான் செய்யும் ஆவணங்களுக்கெல்லாம் பிழையான திகதி விழும். ஒரு முறைப்பாட்டுக்கு ஆதாரமாகக் கோப்புகளைக் கொடுக்கப் போகிறவர்களுக்கு இது தேவையில்லாத தலையிடி. பற்றரி மலிவு, மாற்றிவிடுங்கள்.

விலையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2022 இல் ரூபா விழுந்தபோது ஒருமுறை எல்லாமே எட்டாத உயரத்துக்குப் போனது. 2025 இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் உலகச் சந்தையிலேயே றாம் விலை ஏறியது. மைக்ரோன் நிறுவனம் குருஷியல் என்ற பெயரில் நேரடியாக மக்களுக்கு விற்பதை நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. இப்படியான நேரத்தில் மலிவாகக் கிடைப்பதைச் சந்தேகிக்கத்தான் வேண்டும். இணையத்தில் மலிவாக வரும் சில டிடிஆர்3 றாம்கள் ஏஎம்டி போர்ட்டுகளில் மட்டும் வேலை செய்யும். விளம்பரத்தில் அது சிறிய எழுத்தில் இருக்கும். சேர்வரிலிருந்து கழற்றிய 'ரெஜிஸ்டர்ட்' றாம்கள் சாதாரண வீட்டுப் போர்ட்டில் இயங்கா.

பொருத்தும்போது மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். ஒரே மாதிரியான இரண்டு றாம்களைப் பக்கத்துப் பக்கத்தில் போடாதீர்கள். நான்கு சொக்கட் உள்ள போர்ட்டில் பெரும்பாலும் புரொசஸரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதும் சரியான இடங்கள். அப்போதுதான் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும். பழையதோடு புதியதைச் சேர்த்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கே இறங்கும். திரையில் ஒன்றும் வராவிட்டால் பயப்படாமல் ஒன்றைக் கழற்றி, பொன்னிற முனைகளை அழிறப்பரால் மெல்லத் துடைத்து, தூள் தட்டிவிட்டுத் திரும்பப் போடுங்கள். பாதிப் பழுதுகள் அதில் தீரும்.

பிறகு சோதனை. மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியை இயக்கி, ஓர் இரவு ஓடவிடுங்கள். காலையில் ஒரு பிழை வரி இருந்தாலும் அந்த றாமை ஏற்காதீர்கள். ஒன்றுதானே என்று விடவும் வேண்டாம். அதுவரை அந்தக் கணினியில் ஆவணங்களைப் பிரதி செய்யாமல் இருங்கள். ஏற்கெனவே செய்திருந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், மூலக் கடதாசி கையில் இருக்கும்போதே. கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகும்போது பிழை காட்டிய திரையின் படமும், றாமில் ஒட்டியுள்ள தொடர் இலக்கம் எழுதப்பட்ட பற்றுச்சீட்டும் இருந்தால் வாக்குவாதம் குறையும். அந்த இலக்கத்தை வாங்கும்போதே எழுதுவிக்க வேண்டும்.